11 பேர் போதாது என்று எழுதிய கல்வி அதிகாரிகளுக்கு

திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்கு அப்பால் இருக்கும் எங்கள் பாடசாலையின் உயர்தர கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நிறுத்துவதென்று முடிவெடுத்த அதிகாரிகளுக்கு,

இந்த ஆனி மாதத்தோடு ஓய்வு பெறுகிற பௌதிகவியல் ஆசிரியை எழுதுகிறேன். என்னுடைய கடைசி வகுப்பு 2024 உயர்தரம் எழுதிய வகுப்பு. அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பிரியாவிடை நாளில் பேசுவதற்கு ஒரு கொப்பியில் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். உங்கள் கடிதத்தை அதிபர் காட்டியபிறகு அந்தக் குறிப்புகளை மேடையில் வாசித்துவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. அவற்றை உங்களுக்கே எழுதுகிறேன்.

மாணவர் தொகை போதாது, கடைசியாகத் தோற்றியவர்கள் 11 பேர் மட்டும், ஆகவே இனிமேல் கலையும் வர்த்தகமும் மட்டும்தான், கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்புகிறவர்கள் நகரப் பாடசாலைகளில் சேர்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 11 பேரும் யார், அவர்கள் ஏன் 11 பேராகக் குறைந்தார்கள் என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர்களில் 8 பேரை எனக்கு 2016 முதல் தெரியும். தரம் 6க்கு வந்த முதல் நாள். ஆள் பற்றாக்குறையால் அந்த வகுப்புக்கும் விஞ்ஞானம் நான்தான், வகுப்பாசிரியரும் நான்தான். இடாப்புக்காக விலாசம் எழுதித் தரச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை எழுந்து, "எந்த விலாசம் ரீச்சர், முகாமா ஊரா?" என்று கேட்டாள். சம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் அப்போதுதான் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். 2006இல் போரால் சனம் இடம்பெயர்ந்தபோது இந்தப் பிள்ளைகள் இடுப்பில் இருந்தவர்கள், கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தறப்பாள் கொட்டிலுக்குள் நடை பழகியவர்கள். 2015இலும் 2016இலும் காணிகள் சனத்திடம் திரும்ப விடப்பட்டபோது இவர்களுக்குப் பத்து, பதினொரு வயது. ஊர் என்று பெற்றார் சொன்ன இடத்தை அந்த வயதில்தான் நினைவு தெரிந்து முதன்முதலாகக் கண்டார்கள். அந்த இடாப்பில் 6 பிள்ளைகளுக்கு நேரே இரண்டு விலாசம் எழுதினேன்.

பிறகு அவர்களுக்கு ஒரு வருடமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2019இல் தரம் 9, ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாடசாலை பூட்டு, திறந்தபிறகும் வாசலில் புத்தகப்பை சோதனை. 2020 மார்ச்சில் கொரோனா. வாட்ஸ்அப்பில் படிப்பியுங்கள் என்று சொன்னீர்கள், சரி, படிப்பித்தோம். ஆனால் வீட்டில் இருக்கிற ஒரே ஃபோன் தகப்பனோடு கடலுக்குப் போய்விடும். ஆகவே நான் பாடத்தைக் குரல் பதிவாகப் பதிந்து இரவு எட்டு மணிக்குப் பிறகுதான் அனுப்புவேன், தகப்பன் வந்து ஃபோனைச் சார்ஜில் போட்டபிறகு பிள்ளை கேட்கும். சிக்னல் இல்லாத பிள்ளைகள் கடற்கரைக்குப் போய் மணலில் இருந்து கேட்டார்கள். ஒரு பையன் ஓமின் விதியை அப்படித்தான் படித்தான், அவன் திருப்பி அனுப்பிய பதிவில் முழுக்க அலைச் சத்தம்.

2021இல் எழுத வேண்டிய சாதாரண தரத்தை 2022 மே 23இல்தான் எழுதத் தொடங்கினார்கள். நாட்டில் எண்ணெயும் இல்லை, காசும் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. பேப்பர் விலை ஏறி, பாஸ்ட் பேப்பர் போட்டோக் கொப்பி எடுக்க முடியாமல் போய், பழைய கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குகளை எழுதி ஆளுக்கொரு மாதம் என்று பிரித்துக் கொடுத்தேன். ஜனவரி எடுத்தவர் முடித்துவிட்டு பெப்ரவரிக்காரரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். பஸ் ஓடாத கிழமைகளில் திருகோணமலைக்குத் திரும்பாமல் சேனையூரில் ஒரு சக ஆசிரியையின் வீட்டில் தங்கினேன். விடிய நாலு மணிக்குத் தகப்பனோடு கரைவலை இழுத்துவிட்டு, உப்புக் காய்ந்த கையோடு பரீட்சை மண்டபத்துக்கு வந்த பையன் கணிதத்தில் ஏ எடுத்தான்.

இனித்தான் உங்கள் 11 வருகிறது.

2023 தொடக்கத்தில் தரம் 12 கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்கு எங்களிடம் பதிந்தவர்கள் 23 பேர், அயல் பாடசாலைகளிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து. முதலாம் தவணை முடிந்து கொஞ்ச நாளில் எங்கள் ஒரே இரசாயனவியல் ஆசிரியரைத் தற்காலிக இணைப்பு என்ற பெயரில் நகரத்துக்கு எடுத்தீர்கள். "மூன்று மாதம்தான்" என்று சொல்லப்பட்டது. 14 மாதம் அந்தக் கதிரை வெறுமையாக இருந்தது. அதிபர் எத்தனை கடிதம் எழுதினார் என்று உங்கள் கோப்புகளிலேயே இருக்கும், இரண்டு தடவை பெற்றாரோடு நானும் அலுவலகத்துக்கு வந்தேன், வாசலில் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

இரசாயனம் இல்லாமல் எங்களிடம் கணிதப் பிரிவும் இல்லை, உயிரியல் பிரிவும் இல்லை. அது பிள்ளைகளுக்கும் தெரியும். 6 பேர் கலைப் பிரிவுக்கு மாறினார்கள், மாறும் படிவத்தைக் கொண்டுவந்து என்னிடம் தரும்போது ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பிள்ளை படிப்பை விட்டுக் கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலைக்குப் போனாள். 5 பேர், நீங்கள் இப்போது சொல்கிறபடியே, நகரத்துக்குப் போனார்கள். அந்த 5 பேரில் உறவினர் வீடு இருந்த 2 பேர் மட்டும் பரீட்சை வரை நின்றார்கள். மற்ற 3 பேரும் ஒரு தவணைக்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், எங்கள் வகுப்பில் மீண்டும் சேரவில்லை.

23இலிருந்து 12 போனால் 11. இந்தக் கழித்தலைச் செய்தது எங்கள் ஊர் அல்ல. ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் குறைந்தார்கள், பிள்ளைகள் குறைந்ததால் இனி ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். இதை எப்படி நான் பேசாமல் ஏற்றுக்கொள்வது?

நகரத்துக்குப் போவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லலாம், ஏனென்றால் திருகோணமலையில் என் வீடு இருக்கும் பாலையூற்றிலிருந்து எதிர்த்திசையில் 17 வருடம் நான் அந்தப் பயணத்தைச் செய்தேன். தொடக்கத்தில் கொட்டியாரக் குடாவைப் படகில் கடந்து, வாடைக் காற்றுக் காலத்தில் வாந்தியெடுத்து வந்து இறங்கியிருக்கிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து, அங்கால மற்றப் பாலங்களும் வந்தபிறகு பஸ். விடிய 5.10க்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் மூதூரில் இறங்க ஆறரை, பிறகு ஊருக்குள் போகிற பஸ், அது வராவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஆட்டோ. பின்னேரம் அதே வழி. நான் சம்பளம் எடுக்கிற, வளர்ந்த ஒரு மனுசி. எனக்கே வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் வாசிக்கக் கண் திறக்காது.

இதை 17 வயதுப் பெண்பிள்ளை செய்ய வேண்டும். அவள் வீட்டிலிருந்து பஸ் வரும் சந்திக்கே சைக்கிளில் வர வேண்டும், அந்த வழியில் மாலை ஆனால் யானை நிற்கும். நகரத்தில் பாடசாலை விட்டபிறகு ரியூசன், அது இல்லாமல் அங்கே யாரும் உயர்தரம் படிப்பதில்லை, அது முடிய ஆறு மணி. ஊருக்கு வரும் கடைசி பஸ் அதற்கு முன்னமே போய்விடும். தங்கிப் படிக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். போடிங் காசு, சாப்பாடு, ரியூசன் காசு, இதெல்லாம் மட்டி பொறுக்குகிற வீட்டில் எங்கிருந்து வரும்? திரும்பி வந்த 3 பேரில் ஒருத்தியின் தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பிள்ளை படிக்கவென்று அங்கிருந்து அவர் அனுப்பிய காசில் பாதி பஸ்சுக்குப் போனது. அந்தப் பிள்ளை கடைசியாக ஒரு நாள் பஸ்சில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு அம்மம்மா அவளை விடவில்லை. அந்த அம்மம்மாவை என்னால் குறை சொல்ல முடியாது.

2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு, கவிழ்ந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பள்ளிக்கூடம் போக ஏறிய பிள்ளைகளும் அதில் இறந்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்துப் பெற்றார் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசினால் முதலில் வழியைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

சரி, எஞ்சிய 11 பேர் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். 4 பேர் கணிதம், 7 பேர் உயிரியல். பௌதிகம் எனக்குத் தெரியும், இரசாயனம் நான் பட்டத்துக்குப் படித்து முப்பது வருடத்துக்கு மேல். இரவில் திரும்பப் படித்துக்கொண்டு பகலில் வகுப்பெடுத்தேன், பௌதிக இரசாயனத்தை ஒருவாறு ஓட்டினேன், சேதன இரசாயனத்தில் தடக்கினேன், பிள்ளைகளுக்கும் அது தெரிந்தது. அப்போது கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் படிக்கிற எங்கள் பழைய மாணவி ஒருத்தி, கேள்விப்பட்டு, தன் பாட்டில் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். பஸ் காசு கூட வாங்க மாட்டாள். ஒரு சனிக்கிழமை அவள் பென்சீன் வளையத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்க, நான் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருந்து குறிப்பெடுத்தேன். இந்தப் பிரிவு என்ன விளைவித்தது என்று நீங்கள் கேட்டால் அந்தப் பிள்ளையைக் காட்டுவேன். அவளும் இதே வகுப்பறையில் படித்தவள், அவளுடைய வருடத்தில் இன்னும் குறைந்த தொகை, 9 பேர்.

ஆய்வுகூடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உபகரணங்களை வேறு பாடசாலைக்கு மாற்றுவதாகவும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. இரண்டு வேணியர் இடுக்கி, ஒரு திருகுக் கணிச்சி, ஊசல் குண்டுகள், நாலு இசைக்கவை, ஒரு மீற்றர் பாலம். மாற்றுவதற்கு அங்கே வேறு அதிகம் இல்லை. ஒலியின் வேகத்தை அளக்கும் பரிவுக் குழாய் கிடையாது, ஒரு பிவிசி குழாயை வாளித் தண்ணீருக்குள் இறக்கித்தான் செய்வோம். கடல் இரைச்சலும் காகமும் ஓய்கிற ஒரு மத்தியானத்தில் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் குழாயின் வாயில் பிடித்தோம். கலண்டர்த் தாளில் கணக்குச் செய்த பையன்களில் ஒருவன் குழாயை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு வந்தான். 16 சென்ரிமீற்றருக்குக் கிட்ட வந்ததும் குழாய் பாடியது. யாரும் பேசவில்லை. பிறகு "இன்னொருக்கா, ரீச்சர்" என்றான், அன்று பத்துத் தடவைக்கு மேல் செய்தோம். ஒலியின் வேகத்தை அவர்கள் வாளியையும் குழாயையும் வைத்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அந்த முகங்களைத்தான் நான் என்னோடு வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு புதிய இரசாயன ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர், தன்னால் ஆனதைச் செய்தார். 2024 நவம்பர் 25இல் பரீட்சை தொடங்கியது, மூன்றாம் நாள் மழைக்கும் வெள்ளத்துக்கும் நிறுத்தினார்கள், டிசம்பர் 4இல்தான் திரும்பத் தொடங்கியது. இடையில் அந்த நாட்களில் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்குள் தண்ணீர். கொப்பிகளை உரப்பையில் கட்டி முகட்டு வளையில் தொங்கவிட்டிருந்தார்கள். 11 பேரில் ஒருவரும் ஒரு வினாத்தாளையும் தவறவிடவில்லை.

ஏப்ரலில் பெறுபேறு வந்தது. 7 பேர் மூன்று பாடமும் சித்தி. மற்ற 4 பேரும் இரண்டு பாடம் சித்தி, தவறியது ஒரே ஒரு பாடம், நாலு பேருக்கும் அதே பாடம். எது என்று சொல்லத் தேவையில்லை. அவர்களில் ஒருத்தி, முகாமா ஊரா என்று கேட்டவள், கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்க ஆசைப்பட்டவள். பௌதிகத்தில் பி, உயிரியலில் பி. பெறுபேற்றைச் சொல்ல எடுத்தவள் ஃபோனில் "பரவாயில்லை ரீச்சர், நீங்கள் அழாதீங்க" என்றாள். எனக்கு அதற்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

உங்களுக்கும் நெருக்கடி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆளணி இல்லை, மேலிடத்திலிருந்து அழுத்தம், நகரப் பாடசாலைகளிலும் வெற்றிடங்கள். ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 சதவீதம் ஒதுக்கி, அந்த 16 மாவட்டங்களில் ஒன்றாகத் திருகோணமலையையும் இந்த நாடு எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒதுக்கீடு யாருக்காக? இந்தக் கரையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் வகுப்பறையைப் பூட்டிவிட்டால் அந்த இடங்களும் நகரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் போகும். எங்களை உயர்தர விஞ்ஞானம் இருக்கிற 1ஏபி பாடசாலை என்ற தரத்திலிருந்து, அது இல்லாத 1சிக்கு இறக்குவது உங்களுக்கு ஒரு எழுத்து மாற்றம். இங்கே தரம் 8இல் இருக்கிற பிள்ளை நாளைக்கே கேட்கும், "அப்ப நான் டொக்டருக்குப் படிக்க ஏலாதா, ரீச்சர்?" என்று. இந்தக் கிழமை ஒரு பிள்ளை கேட்டும் விட்டது.

இந்த மார்ச்சில் சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அதில் 15 பேர் கணிதமோ உயிரியலோ படிக்கப் போவதாக என்னிடம் பெயர் தந்திருக்கிறார்கள். அவர்களின் பெறுபேறு வரும் முன்னமே நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள். ஆகவே கேட்கிறேன்.

பிரிவுகளை நிறுத்தும் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தது, இப்போது பெயர் தந்திருக்கிற பிள்ளைகள் தங்கள் இரண்டு வருடத்தை முழு ஆசிரியர்களோடு படித்து முடிக்கும் வரை இந்தப் பாடசாலையின் தொகையை எண்ண வேண்டாம்.

இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் நிரந்தர நியமனம் தாருங்கள். அவர்களை இரண்டு வருடத்துக்குள் இணைப்பு என்று எங்கும் எடுக்கமாட்டோம் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். இங்கே வந்து தங்கக்கூடிய ஆசிரியருக்கு வீடு பார்த்துத் தர ஊர்ச் சனம் ஆயத்தமாக இருக்கிறது, பெற்றார் கூட்டத்தில் கையெழுத்தும் வைத்திருக்கிறார்கள்.

இரசாயனத்தில் தவறிய 4 பேரும் திரும்ப எழுதப் போகிறார்கள். அவர்கள் பாடசாலைக்கு வெளியே போய்விட்டார்கள் என்று கைவிடாமல், புதிய ஆசிரியரின் வகுப்பில் அமர அனுமதி கொடுங்கள்.

ஆய்வுகூடப் பொருட்களில் ஒன்றையும் எடுக்க வேண்டாம்.

முடிவை மாற்ற முடியாது என்றால் அதை எங்கள் மண்டபத்துக்கு வந்து பெற்றாருக்கும் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லுங்கள். நீங்கள் வாருங்கள், காலை பஸ்சில் வாருங்கள், பின்னேரம் பஸ்சில் திரும்பிப் போங்கள்.

எனக்கு ஏற்பாடு செய்திருக்கும் சேவைநலன் பாராட்டு விழாவை நிறுத்தி, அந்தக் காசில் ஒரு பரிவுக் குழாய் வாங்கும்படி அதிபரிடம் சொல்லிவிட்டேன். ஆய்வுகூடத்துத் திறப்பு இன்னும் என் கைப்பையில் இருக்கிறது. அதைப் புதிய பௌதிகவியல் ஆசிரியரின் கையில் கொடுத்துவிட்டுப் போக விரும்புகிறேன். அவர் யார் என்பதை ஆனி 30ஆம் திகதிக்கு முன் எழுத்தில் அறியத் தாருங்கள்.